தேவையில்லாமல் துணி வாங்கிக் குவிப்பது ஒரு நோயா?

ஆடித் தள்ளுபடி என்றால் வண்ணார்பேட்டைக் கடைகளுக்கு ஓடி, நகையை அடகு வைத்தாவது சேலை எடுக்கும் உங்கள் அக்காவைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அவரை ஊதாரி என்று திட்டாதீர்கள். ஜெர்மன் மனநல மருத்துவர் எமில் கிரேப்பலின் நூறு வருஷத்துக்கு முன்பே இந்த வாங்கும் பித்தைப் பற்றி எழுதியிருக்கிறார். இது ஒரு சுழல்: மனசு சரியில்லாதபோது கடைக்குப் போவது, பில் போடும்வரை ஒரு பரபரப்பு, வீட்டுக்கு வந்ததும் குற்ற உணர்வு, அப்புறம் விலைச்சீட்டைக்கூடக் கிழிக்காமல் பீரோவில் துணிக்கு அடியில் ஒளிப்பது, மறுபடியும் கடை. இந்த ஒளிப்பதுதான் எனக்குப் பெரிய கவலை. கடன் வெளியே தெரியாமல் வளர்வது அங்கேதான்.

போனில் சேமித்திருக்கும் கார்டு விவரத்தை முதலில் அழிக்கச் சொல்லுங்கள். கூடவே மனச்சோர்வும் இருக்கலாம். அதற்கும் சிகிச்சை உண்டு. பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு நீங்களே கூட்டிப் போங்கள். வரத் தயங்கினால், அரசின் மனநல உதவி எண்ணான 14416-ல் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம்.