செம்போவாலா காட்டிக்கொடுத்ததா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

மெக்சிகோவை ஸ்பெயின் பிடித்த வரலாற்றைப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஸ்பானியப் படைத்தலைவர் கோர்ட்டெஸுக்கு முதலில் கைகொடுத்தவர்கள் செம்போவாலா நகரத்து டோட்டோனாக் இன மக்கள். சொந்த மண்ணைக் காட்டிக்கொடுத்தவர்கள் என்று அவர்களைச் சொல்லலாம்தானே? அந்த ஊர் பிறகு என்ன ஆயிற்று?

ஆர்.

அன்புள்ள ஆர்,

சொல்லக் கூடாது என்பேன். மெக்சிகோ என்றொரு நாடே 1519-இல் கிடையாது. கடலோரத்து டோட்டோனாக்குகளுக்கு மெக்சிக்காக்களின் (அஸ்டெக்குகளின்) தலைநகரான டெனோச்டிட்லான் என்பது மலைக்கு அப்பாலிருந்து ஆளனுப்பி வரி பிடுங்குகிற வேற்றூர். பேச்சும் வேறு. செம்போவாலாவின் தலைவர் (அவர் உடம்பைப் பார்த்து ஸ்பானியர்கள் வைத்த 'குண்டுத் தலைவர்' என்ற பட்டப்பெயர்தான் வரலாற்றில் நின்றது, பாவம்) கோர்ட்டெஸிடம் பெருமூச்சு விட்டுப் புலம்பியதும் அந்த வரிக்கொடுமையைத்தான்.

அப்புறம் கியாவிஸ்ட்லான் என்ற இன்னொரு டோட்டோனாக் ஊரில் நடந்ததைப் பாருங்கள். கோர்ட்டெஸ் அங்கே இருக்கும்போதே மெக்சிக்கா மன்னர் மொக்டெசுமாவின் வரி அதிகாரிகள் ஐந்து பேர் வந்தார்கள். கையிலிருந்த பூவை முகர்ந்துகொண்டே நடை. கூடவே ஈ ஓட்ட ஏவலாட்கள். ஸ்பானியர்களை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. இவர்களை எப்படி ஊருக்குள் சேர்த்தீர்கள் என்று அதட்டி, அந்தக் குற்றத்துக்குப் பலியிட 20 பேரைக் கேட்டார்கள். ஐவரையும் பிடித்துக் கட்டச் சொன்னார் கோர்ட்டெஸ். டோட்டோனாக்குகள் பயந்து நடுங்கினாலும் கட்டிவிட்டார்கள். அன்றிரவே அவர் இருவரை ரகசியமாக அவிழ்த்துவிட்டு, தான் மொக்டெசுமாவின் நண்பன் என்று சொல்லியனுப்பினார். விடிந்ததும், கைதிகள் எப்படித் தப்பினார்கள் என்று கோபித்துக்கொண்டார்! வரி அதிகாரிமேல் கைவைத்தவர்களுக்கு இனி ஸ்பானியர்களை விட்டால் வேறு கதியில்லை. இதில் ஏமாற்றியது யார், ஏமாந்தது யார்?

கூட்டாளிகளுக்குக் கிடைத்த மரியாதையும் தெரிந்ததுதான். செம்போவாலாவின் தெய்வச் சிலைகளை ஸ்பானியர்கள் கோயில் படியில் உருட்டித் தள்ளினார்கள். வில்லை எடுத்த வீரர்களை அடக்கத் தலைவரையே பிடித்துவைத்தார்கள். அப்படியும் பீரங்கி இழுக்க ஆள் கொடுத்தது அந்த ஊர். மெக்சிக்காக்களின் பரம எதிரிகளான திலாஸ்காலா வழியாகப் போங்கள் என்று யோசனையும் சொன்னது. என் கணக்கில் அதுதான் பெரிய உதவி. திலாஸ்காலாவில் முதலில் சண்டைதான். பிறகு அவர்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்திராவிட்டால் 1521-இல் டெனோச்டிட்லான் விழுந்திருக்காது.

ஊர் என்ன ஆயிற்று என்றால், 1520 மே மாதம் கோர்ட்டெஸைப் பிடிக்க கியூபாவின் ஸ்பானிய ஆளுநர் அனுப்பிய படைத்தலைவர் நர்வாயெஸ் செம்போவாலாவில்தான் முகாம் போட்டார். மழை இரவில் கோர்ட்டெஸ் பாய்ந்தார். நர்வாயெஸுக்கு ஒரு கண் போயிற்று, குண்டுத் தலைவருக்கும் காயம். தோற்ற படையோடு வந்த பெரியம்மை மட்டும் தோற்கவில்லை. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் ஊர் ஏறக்குறைய காலி. 1891-இல் மெக்சிகோ வரலாற்றறிஞர் பிரான்சிஸ்கோ டெல் பாசோ இ ட்ரோன்கோசோ வந்து ஆராயும்வரை கோயில்கள் காட்டுக்குள்தான் கிடந்தன. இப்போது வெராக்ரூஸ் துறைமுகத்துக்கு வடக்கே போனால் பார்க்கலாம். எல்லாம் ஆற்றுக் கூழாங்கல்லில் கட்டியவை. மேலே பூசியிருந்த சுண்ணாம்பு பெரும்பாலும் உதிர்ந்துவிட்டது. அந்தப் பூச்சின் பளபளப்பைத்தான் முன்னால் போன ஸ்பானியக் குதிரைவீரன் ஒருவன் வெள்ளிச் சுவர் என்று நம்பித் திரும்பி ஓடிவந்தான். கூட இருந்தவர்கள் பிறகு அவனைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள்.