தலைக்கு மேலே ஸ்பீக்கர்: வடசென்னை வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை அட்மாஸ் பற்றித்தான், அதாவது தலைக்கு மேலிருந்தும் சத்தம் கேட்க வைக்கும் டால்பி கம்பெனியின் முறை. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன், ஊர்ப்பெயர் மட்டும் போட்டிருக்கிறேன்.

சார், 5.1 தெரியும். கடையில் 5.1.2 என்கிறார்கள். கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் 2 என்ன? (கொருக்குப்பேட்டை)

முதல் எண், காது மட்டத்தில் உங்களைச் சுற்றி நிற்கும் ஸ்பீக்கர்கள். நடு எண் சப் வூஃபர், ஆழமான பேஸ் சத்தத்துக்கு மட்டும் உள்ள பெட்டி. கடைசி எண் மேலே இருந்து சத்தம் தருபவை. ஆக மொத்தம் 8 பெட்டி. பழைய 5.1இல் எந்தச் சத்தம் எந்த ஸ்பீக்கருக்கு என்பது ஸ்டுடியோவிலேயே முடிவாகிவிடும். அட்மாஸ் 2012இல் தியேட்டருக்கும் 2014இல் வீட்டுக்கும் வந்தது. அதில் சத்தத்தோடு, அறையில் அது எந்த இடத்திலிருந்து கேட்க வேண்டும் என்ற குறிப்பும் சேர்ந்தே வரும். உங்களிடம் எத்தனை ஸ்பீக்கர் இருக்கிறதோ அதற்குத் தகுந்தபடி ரிசீவர் (எல்லா ஸ்பீக்கரையும் ஓட்டும் ஆம்ப்ளிஃபயர் பெட்டி) பிரித்துக் கொடுத்துவிடும். மழை, ஹெலிகாப்டர் மாதிரி சத்தங்களில் வித்தியாசம் நன்றாகத் தெரியும். இரண்டு பேர் உட்கார்ந்து பேசுகிற படத்தில் மேல் ஸ்பீக்கர் பாதி நேரம் சும்மாதான் இருக்கும், பழுது என்று நினைத்துவிடாதீர்கள்.

ராயபுரத்தில் தாத்தா கட்டிய மெட்ராஸ் டெரஸ் வீடு. மேலே தேக்குக் கட்டை வரிசை, உயரம் 14 அடிக்கு மேல். கூரையை நோக்கி அடிக்கிற ஸ்பீக்கர் போதும், எதையும் துளைக்க வேண்டாம் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?

வேண்டாம். அந்த ஸ்பீக்கர் சத்தத்தைக் கூரைக்கு அனுப்பி, அது பட்டுத் திரும்பி உங்கள் காதுக்கு வர வேண்டும், கேரம் போர்டில் கட்டையில் அடித்துக் காயைப் போடுகிற மாதிரி. அதற்குக் கூரை சமதளமாக, கெட்டியாக இருக்க வேண்டும். டால்பி சொல்கிற நல்ல உயரம் ஏழரை அடியிலிருந்து 12 அடி வரை, அதிகபட்சம் 14. உங்கள் வீட்டில் உயரமும் தாண்டிவிட்டது, கட்டைக்குக் கட்டை பட்டுச் சிதறவும் செய்யும்.

உங்களுக்குச் சரியான வழி, சின்ன ஸ்பீக்கர் இரண்டை டிவி இருக்கும் சுவரிலேயே மேலே ஏற்றிக் கீழ்நோக்கிச் சாய்த்து வைப்பது. காதிலிருந்து பார்த்தால் 30 முதல் 45 டிகிரி ஏற்றத்தில் வரட்டும். டிவியிலிருந்து 8 அடி தள்ளி உட்காருகிறீர்கள் என்றால் காது மட்டத்துக்கு மேலே 5 முதல் 8 அடி. ரிசீவர் செட்டிங்கில் அதை ‘ஃப்ரண்ட் ஹைட்’ என்று சொல்லிவிட வேண்டும், இதை விட்டுவிடுகிறவர்கள் நிறைய பேர். இன்னொன்று, அது சுண்ணாம்புக் காரைச் சுவராகத்தான் இருக்கும். இரண்டு செங்கல்லுக்கு நடுவில் துளை போட்டால் மாவு மாதிரி கொட்டும், பிளக் நிற்காது. செங்கல்லின் நடுவில் போடச் சொல்லுங்கள், டிரில்லைச் சுத்தியல் மோடில் வைக்காமல் மெதுவாக.

அண்ணா, பெரம்பூரில் வாடகை ஃபிளாட், 10க்கு 12 ஹால். ஆணி அடித்தாலே ஹவுஸ் ஓனர் சத்தம் போடுவார். எனக்கு அட்மாஸ் கனவுதானா?

மேலே அந்தக் கடைக்காரர் சொன்ன ஸ்பீக்கர் உங்கள் வீட்டுக்குத்தான் பொருந்தும். பத்தடி உயரத்தில் வழவழவென்று காங்கிரீட் தளம், வேறென்ன வேண்டும்? தொல்லை ஃபேன்தான். சத்தம் கூரையில் படும் இடம், ஸ்பீக்கருக்கும் உங்களுக்கும் ஏறக்குறைய நடுவில் வரும், நம் ஹாலில் அந்த இடத்தில்தான் ஃபேன் சுற்றிக்கொண்டிருக்கும். இறக்கை மறித்து மறித்து விடுவதால் சத்தம் லேசாக நடுங்கும். மே மாதத்தில் ஃபேனை நிறுத்தச் சொல்ல எனக்கு மனசு வராது, அதனால் ஸ்பீக்கர்களை இரண்டு ஓரத்துக்கு நகர்த்தி, சத்தம் ஃபேனுக்குப் பக்கவாட்டில் போகிற மாதிரி வையுங்கள்.

சோபா பின் சுவரோடு ஒட்டியிருக்கும் என்று நினைக்கிறேன். அப்படியானால் முதுகுக்குப் பின்னால் இன்னும் இரண்டு ஸ்பீக்கர் கேட்கும் 7.1 பக்கமே போகாதீர்கள். சரவுண்ட் எனப்படும் பக்க ஸ்பீக்கர் இரண்டையும் ஸ்டாண்டில், உங்களுக்கு இடமும் வலமும் அல்லது கொஞ்சம் பின்தள்ளி வைத்தால் போதும். ரொம்ப உயரத்தில் ஏற்றினால் மேல் சத்தமும் பக்கச் சத்தமும் ஒன்றாகிவிடும், அப்புறம் அட்மாஸுக்குக் கொடுத்த காசு வீண்.

பட்ஜெட் ஒன்றுதான். அட்மாஸ் என்று போட்ட சவுண்ட்பாரா, சாதாரண 5.1 செட்டா? (வியாசர்பாடி)

5.1. பெட்டியில் அட்மாஸ் என்று அச்சடித்திருக்கும் சவுண்ட்பார்களில் பலவற்றில் மேல்நோக்கிய ஸ்பீக்கரே கிடையாது, எல்லாம் உள்ளே நடக்கும் கணக்கு. காசை முன்னால் இருக்கும் மூன்று ஸ்பீக்கரில் போடுங்கள், ரிசீவரை மட்டும் 7 சேனல் உள்ளதாக, அட்மாஸ் உள்ளதாக வாங்குங்கள். மேல் ஸ்பீக்கரை அடுத்த போனஸில் பார்த்துக்கொள்ளலாம்.

எல்லாம் மாட்டியாச்சு, ஆனால் வசனம் கேட்கவில்லை, சண்டை வந்தால் வீடே அதிர்கிறது. ரிசீவரிலும் அட்மாஸ் என்று வரவில்லை. (மூலக்கடை)

முதலில் டிவியின் சவுண்ட் செட்டிங். பிசிஎம் (டிவியே சத்தத்தைப் பிரித்துக் கொடுப்பது) என்றிருந்தால் பாஸ்த்ரூ அல்லது பிட்ஸ்ட்ரீமுக்கு (வந்ததை அப்படியே ரிசீவருக்கு அனுப்புவது) மாற்றுங்கள், பாதிப் பிரச்சினை அங்கேதான். ஆப்டிகல் ஒயர் போட்டிருந்தால் கழற்றிவிடுங்கள், அதில் அட்மாஸ் வராது. ஹெச்டிஎம்ஐ ஒயரை, டிவியின் சத்தத்தை ரிசீவருக்குத் திருப்பி அனுப்பும் ஏஆர்சி என்று எழுதிய துளையில் செருகுங்கள். ஓடிடி படங்களுக்கு அதுவே போதும், அதன் புதிய வடிவமான இஏஆர்சி இல்லையே என்று டிவியை மாற்ற வேண்டாம். புளூரே பிளேயர் இருந்தால் அதை நேராக ரிசீவரில் கொடுத்துவிடலாம்.

வசனம் சென்டர் ஸ்பீக்கரிலிருந்துதான் வருகிறது. அதை டிவி ஸ்டாண்டின் தட்டுக்குள்ளே தள்ளி, முன்னால் சாமி படம் வைத்திருந்தால் எப்படிக் கேட்கும்? தட்டின் விளிம்புக்கு இழுத்து, முகத்தைக் காதை நோக்கிச் சாய்த்து, ரிசீவரில் சென்டர் அளவை மட்டும் 2 அல்லது 3 டெசிபல் ஏற்றுங்கள்.

தண்டையார்பேட்டை ஹவுசிங் போர்டு, இரண்டாவது மாடி. சப் வூஃபர் வந்ததிலிருந்து கீழ்வீட்டு அக்கா பேசுவதில்லை.

அக்கா பக்கம்தான் நியாயம். ரப்பர் பேட் தரையின் அதிர்வைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான், பேஸ் சுவரைத் தாண்டியே தீரும். மூலையில் வைத்திருந்தால் வெளியே எடுங்கள், மூலை பேஸைக் கூட்டிக் காட்டும். சோபாவுக்குப் பக்கத்தில் வைத்துச் சத்தத்தைக் குறையுங்கள். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று காதுக்குப் பெரிதாகத் தெரியாது. இரவில் ரிசீவரின் நைட் மோடு. அதற்கும் முன்னால் ஒருநாள் அவரைக் கூப்பிட்டு ஒரு படம் போட்டுக் காட்டுங்கள்.

திருவொற்றியூர், கடலுக்குப் பக்கத்திலேயே வீடு. ஒரு சரவுண்ட் மட்டும் கரகரக்கிறது, சில நேரம் நின்றே போகிறது. ஸ்பீக்கர் போய்விட்டதா?

இருக்காது. ஒயரைக் கழற்றி நுனியைப் பாருங்கள், செம்பு கறுத்தோ பச்சை பூத்தோ இருக்கும், உப்புக் காற்றின் வேலை. அந்த நுனியை ஓரங்குலம் வெட்டிவிட்டுப் புதிதாக உரித்து, பனானா பிளக் (ஒயர் நுனியில் மாட்டும் உலோக முனை) போட்டு மாட்டுங்கள். அதற்கும் சரியாகவில்லை என்றால் இடது, வலது சரவுண்ட் ஸ்பீக்கர்களை மட்டும் இடம் மாற்றிப் பாருங்கள், ஒயர் அங்கங்கேயே இருக்கட்டும். கரகரப்பு ஸ்பீக்கரோடு சேர்ந்து போனால் ஸ்பீக்கர், பழைய இடத்திலேயே நின்றால் ஒயர் அல்லது ரிசீவர். ஒயர் மாற்றுவதாக இருந்தால் சுத்தச் செம்பில் 16 கேஜ் கேளுங்கள். செம்புப் பூச்சுப் போட்ட அலுமினிய ஒயரைத்தான் முதலில் எடுத்து நீட்டுவார்கள், நுனியைச் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும்.