இயங்குதளம் மாறினாலும் கைப்பழக்கம் போகாமல் இருக்க: கேள்வி பதில்

கேள்வி: பத்து வருடம் விண்டோஸில் எழுதிய கை சார். இப்போது ஆபீஸில் மேக் கொடுத்துவிட்டார்கள். எண்ட் விசையைத் தட்டினால் கர்சர் நின்ற இடத்திலேயே நிற்கிறது, திரை மட்டும் கோப்பின் அடிக்கு ஓடிவிடுகிறது.

பதில்: மேக்கில் அப்படித்தான். வரியின் கடைசிக்குப் போக கமாண்டும் வலது அம்பும், ஒரு சொல் தாண்ட ஆப்ஷனும் அம்பும். பழைய எண்ட் விசையே வேண்டுமென்றால் கராபினர்-எலிமென்ட்ஸ் என்ற இலவச மென்பொருளைப் போடுங்கள். விசை ஆப்பைச் சேரும் முன்பே மாற்றிவிடும். கண்ட்ரோலையும் கமாண்டையும் இடம் மாற்றுவதாக இருந்தால் கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரமான டெர்மினலை மட்டும் விட்டுவிடுங்கள். ஓடும் நிரலை நிறுத்த அங்கே கண்ட்ரோல் சி வேண்டும்.

இதை மாற்றும் முன் ஒன்றைச் செய்து பாருங்கள். மேக்கோடு வரும் டெக்ஸ்ட்எடிட் எடிட்டரைத் திறந்து ஒரு வரியின் நடுவில் நின்று கண்ட்ரோல் ஏ தட்டுங்கள், கர்சர் வரித் தொடக்கத்துக்கு வரும். கண்ட்ரோல் ஈ தட்டினால் கடைசிக்குப் போகும். கண்ட்ரோல் கே கர்சருக்கு வலப்பக்கம் உள்ளதை வெட்டும், கண்ட்ரோல் ஒய் அதைத் திரும்ப ஒட்டும். எல்லாம் ஈமாக்ஸ் எடிட்டரின் பழைய விசைகள். லினக்ஸ் டெர்மினலில் கட்டளைகளை வாங்கி இயக்கும் பேஷ் ஷெல்லிலும் இந்த நான்கும் அப்படியே வேலை செய்யும். புதிதாக எதையாவது பழகுவதென்றால் இவற்றைப் பழகுங்கள், அடுத்த மாற்றத்திலும் கூட வரும்.

கேள்வி: லினக்ஸ் டெர்மினலில் விம் எடிட்டரைத் திறந்து, சேமிக்க கண்ட்ரோல் எஸ் அடித்தேன். எல்லாம் உறைந்துவிட்டது. எழுதியது போய்விட்டதா?

பதில்: எதுவும் போகவில்லை. கண்ட்ரோல் க்யூ அடியுங்கள், திரும்ப ஓடும். திரைக்குப் பதில் தாளில் அச்சடித்த டெலிடைப் கருவிகளின் காலத்தில் 'அனுப்புவதை நிறுத்து' என்பதற்கு கண்ட்ரோல் எஸ், 'தொடர்' என்பதற்கு கண்ட்ரோல் க்யூ. அந்த வழக்கம் டெர்மினலில் இன்னும் இருக்கிறது. அப்புறம், கண்ட்ரோல் இசட் அடித்து எடிட்டர் மறைந்தாலும் பதறாதீர்கள். எஃப்ஜி என்று சின்ன எழுத்தில் அடித்து என்டர் தட்டினால் வந்துவிடும்.

கேள்வி: நான் நேர் எதிர். லினக்ஸிலிருந்து விண்டோஸ். விம்மின் சாளர வடிவமான ஜிவிம்மில் கண்ட்ரோல் வி தட்டினால், பல வரிகளில் செங்குத்தாகத் தேர்வு செய்வதற்குப் பதில் ஒட்டுகிறது.

பதில்: விம்மின் அமைப்புக் கோப்பில், விண்டோஸ் விசைகளைக் கொண்டுவரும் எம்எஸ்வின் (mswin) என்ற சொல் உள்ள வரியை நீக்குங்கள். அதுவரை செங்குத்துத் தேர்வுக்கு கண்ட்ரோல் க்யூ.

கேள்வி: அப்பா வேர்ட்ஸ்டார் என்ற பழைய எழுத்து மென்பொருளில் வேலை பார்த்தவர். அவருக்கு லினக்ஸ் கணினி வாங்கித் தந்தேன், எதிலும் கை ஓடவில்லை என்கிறார்.

பதில்: ஜோ என்ற எடிட்டரை நிறுவி, ஜேஸ்டார் என்ற பெயரில் திறந்து கொடுங்கள். 1978-இல் வந்த வேர்ட்ஸ்டாரின் விசைகள் அதில் இருக்கின்றன. கண்ட்ரோலை அழுத்தியபடி ஈ மேலே, எக்ஸ் கீழே, எஸ் இடம், டி வலம். நான்கும் இடக்கைக்குக் கீழே வைரம் போல அமைந்திருக்கும். கண்ட்ரோல் கே, பி என்றால் தேர்ந்தெடுக்கும் பகுதியின் தொடக்கம், கண்ட்ரோல் கே, கே என்றால் முடிவு. ஐயாவின் விரலுக்கு இது நினைவிருக்கும், நீங்கள் எதையும் சொல்லித்தர வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.

கேள்வி: தமிழ்99 விசைப்பலகை லினக்ஸில் கிடைக்குமா?

பதில்: கிடைக்கும். லினக்ஸில் பல மொழி உள்ளீட்டுக்கான ஐபஸ்ஸோடு, விசைப்பலகைகள் அடங்கிய எம்17என் தொகுப்பைச் சேர்த்தால் பட்டியலில் வரும். மேக்கிலும் உள்ளேயே இருக்கிறது. ஏ, கே, கே, க்யூ தட்டிப் பாருங்கள், 'அம்மா' வரும்.