ஆசீர்வாதம் யார் கூறுவது?

அன்புள்ள ஐயா,
எங்கள் குருவானவர் பொறுப்பில் ஐந்து ஆங்கிலிக்கன் சபைகள். எங்களுக்கு மாதத்தில் ஒரு ஞாயிறு வருவார். மற்ற ஞாயிறுகளில், பேராயரின் உரிமம் பெற்ற நான் காலை ஜெப ஆராதனையை நடத்துகிறேன். முடிவில் ஆசீர்வாதம் கூறலாமா? அங்கி அணியலாமா? எல்லாவற்றையும் ஒரே ஆளாகச் செய்து களைத்துவிட்டேன்.
வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கூறக்கூடாது. பாவமன்னிப்பு கூறுவது, ஆசீர்வதிப்பது, திருவிருந்தில் அப்பரசத்தைப் பிரதிஷ்டை செய்வது ஆகிய மூன்றும் குருவுக்கும் பேராயருக்கும் உரியவை. 1662ஆம் ஆண்டு ஜெபப்புத்தகத்தின்படி நடத்தினால், பாவமன்னிப்பு வரும் இடத்தில் திரித்துவத் திருநாளுக்குப் பின்வரும் 21ஆம் ஞாயிற்றின் சுருக்க ஜெபத்தைச் சொல்லுங்கள். முடிவில் ‘கர்த்தராகிய இயேசு கிறிஸ்துவின் கிருபையும்’ என்று தொடங்கும் கிருபை வாக்கியத்தை ‘நம் அனைவரோடும்’ என்று சொல்லுங்கள், ‘உங்கள் அனைவரோடும்’ வேண்டாம். அங்கியைப் பேராயரிடம் கேளுங்கள்.

உங்கள் கடைசி வரிதான் என்னை வருத்துகிறது. ‘ஒரே ஆளாக’! குருவின் சுமையைச் சம்பளமில்லாத இன்னொரு தலைக்கு மாற்றிவிட்டு அதைப் பகிர்ந்த ஊழியம் என்கிறது உங்கள் சபை. நீங்களும் அதற்கு இடம்கொடுத்திருக்கிறீர்கள்.

பவுல் ஊர்தோறும் உள்ளூர் மூப்பர்களை ஏற்படுத்திவிட்டு நகர்ந்தார். சீனாவில் ஊழியம் செய்த ரோலண்ட் ஆலன் 1912இல் இதைத்தான் வாதாடினார். 1972இல் அமெரிக்காவின் நெவாடா மாநிலத்துப் பேராயரான வெஸ்லி ஃப்ரென்ஸ்டார்ஃப் இதை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். குருவுக்குச் சம்பளம் கொடுக்க முடியாத சிறு சபைகள் அங்கே நிறைய.

முதலில் சபையின் வேலைகளை எழுதுங்கள்: ஆராதனை, நோயாளிகளைச் சந்திப்பது, போதனை, கணக்கு. பிறகு ஒவ்வொருவரும் யாரிடமும் பேசாமல், ஒவ்வொரு வேலைக்கும் தகுந்தவர் என்று நினைப்பவரின் பெயரைச் சீட்டில் எழுதட்டும். பல சீட்டுகளில் வரும் பெயருக்கு உரியவரை இருவர் தனியாகச் சந்தித்துக் கேட்கட்டும். ஜெபித்து முடிவெடுக்க ஒரு மாதம் கொடுங்கள். தயவுசெய்து ‘யார் முன்வருகிறீர்கள்?’ என்று கையுயர்த்தச் சொல்லாதீர்கள். துணிச்சல்காரர் வருவார், வாரந்தோறும் சத்தமில்லாமல் நோயாளியின் அருகில் உட்கார்ந்திருக்கும் அம்மா வரமாட்டார். தானாக வந்தவரை விலகச் சொல்வதும் கடினம், அந்த வேலையைத் தன் சொத்தாக்கிக்கொள்வார். சபை அழைத்தவருக்குச் சபையே காலவரம்பும் வைக்கலாம். வேலைக்கு இருவர், மூன்று ஆண்டுகள், பிறகு மறுபடியும் சீட்டு. உரிமம் தேவைப்படும் பணிகளுக்குப் பேராயரிடம் செல்லுங்கள். குருவானவரின் வேலை, மாதம் ஒருமுறை இவர்களோடு உட்கார்ந்து பயிற்றுவிப்பது.

இது பெரும்பாலும் கெடுவது குருவானவர் வரும் ஞாயிறன்றுதான். அன்று எல்லாரும் ஒதுங்கிக்கொள்ள, அவரே வாசித்து, அவரே மன்றாடி, எல்லாவற்றையும் தானே செய்வார். மற்ற ஞாயிறுகள் வெறும் ஒப்பேற்றல் என்று அங்கேதான் சபை கற்றுக்கொள்கிறது.

அடுத்து அவர் வரும்போது மன்றாட்டு ஜெபத்தை யார் நடத்தப்போகிறார்? எனக்கு எழுதுங்கள்.