ஜவ்வு தேய்ந்தால் மறுபடி வளருமா? நடந்தால் இன்னும் தேயுமா?

கேள்வி: அம்மாவுக்கு 56 வயது. முழங்கால் வலிக்கு எக்ஸ்ரே எடுத்ததில் "ஜவ்வு தேஞ்சு போச்சு" என்றார்கள். கால்சியம் மாத்திரையும் ஆட்டுக்கால் சூப்பும் கொடுத்து வருகிறோம். ஜவ்வு திரும்ப வளருமா? நடந்தால் இன்னும் தேயுமா?

பதில்:

வளராது. ஆனால் அம்மா நடக்கலாம், நடக்கத்தான் வேண்டும். வளராது என்று கேட்டவுடன் நடையையும் நிறுத்திவிடுகிறவர்கள் ஏராளம். மூட்டை மேலும் கெடுப்பது அந்த முடக்கம்தான்.

முதலில் ஜவ்வு என்ற சொல்லைப் பிரித்துக்கொள்வோம். நம் ஊரில் அந்த ஒரே சொல்லில் மூன்று பொருள்களை அடக்கிவிடுகிறோம். எலும்பு முனையைப் போர்த்தியிருக்கும் வழவழப்பான குருத்தெலும்பு ஒன்று. தொடையெலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் நடுவே பிறை வடிவில் கிடக்கும் மெனிஸ்கஸ் இன்னொன்று. எலும்பையும் எலும்பையும் இழுத்துக் கட்டியிருக்கும் தசைநார் மூன்றாவது. கபடியில் கால் திருகி விழுந்த பையனுக்கு "ஜவ்வு கிழிஞ்சிடுச்சு" என்றால் பெரும்பாலும் பின்னிரண்டில் ஒன்று. ஐம்பதைத் தாண்டியவருக்கு "தேஞ்சிடுச்சு" என்றால் முதலாவது. வைத்தியம் மூன்றுக்கும் வேறு. அதனால் டாக்டரிடம் எந்த ஜவ்வு என்று கேட்டுவிடுங்கள்.

சூப்புக்கு வாங்கும் ஆட்டுக்காலிலேயே குருத்தெலும்பைப் பார்க்கலாம். மூட்டைப் பிரித்தால் எலும்பு முனையில் நீலம் கலந்த வெண்மையில் பளபளக்கும் ஒரு பூச்சு தெரியும். கட்டைவிரலால் தேய்த்தால் விரல் வழுக்கும். மின்விசிறிக்கு அடியில் சில மணி நேரம் வைத்தால் காய்ந்து, மஞ்சளித்துச் சுருங்கும். திரும்பத் தண்ணீரில் போட்டால் ஊறி எழும். அதன் எடையில் முக்கால் பங்கு வரை தண்ணீர்தான். அந்தத் தண்ணீரைப் பிடித்து வைப்பவை புரோட்டியோகிளைகான் என்ற மூலக்கூறுகள். அவை உப்பி வெடிக்காமல் வலைபோலக் கட்டி வைப்பது கொலாஜன் இழை. மனித முழங்காலில் இந்தப் பூச்சு பொதுவாக 2 முதல் 4 மில்லிமீட்டர் தடிமன்தான். முழங்கால் சிப்பிக்குப் பின்னால் மட்டும் இன்னும் கொஞ்சம் அதிகம்.

இதில் ரத்தக் குழாயும் இல்லை, நரம்பும் இல்லை. மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. நரம்பு இல்லாததால் தேயத் தொடங்கும்போது வலிக்காது. வலி என்று வரும்போது அடியில் இருக்கும் எலும்பும் மூட்டைச் சுற்றிய சவ்வும் பாதிக்கப்பட்டிருக்கும். ரத்தம் இல்லாததால் தோல் ஆறுவதுபோல் புண் ஆறாது. இங்கிலாந்தில் வில்லியம் ஹன்டர் 1743-லேயே குருத்தெலும்பு அழிந்தால் மீளாது என்று எழுதிவைத்தார். 1950, 60-களில் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கூடிய கதிரியக்கக் கார்பனை அளவுகோலாக வைத்து, 2016-ல் வெளியான ஓர் ஆய்வும் அதையே காட்டியது: வளர்ந்த மனிதரின் குருத்தெலும்பில் கொலாஜன் ஏறக்குறையப் புதுப்பிக்கப்படுவதே இல்லை. சிறு வயதில் உருவானதுதான் கடைசிவரை.

அப்படியானால் அதற்கு உணவு எப்படிப் போகிறது? மூட்டுக்குள் இருக்கும் சில மில்லிலிட்டர் திரவத்திலிருந்து ஊறிப் போகிறது. காலை ஊன்றும்போது குருத்தெலும்பு நசுங்கி நீரை வெளியே விடும், எடுக்கும்போது உறிஞ்சும், பாத்திரம் தேய்க்கும் பஞ்சு மாதிரி. தொடர்ந்து உட்கார்ந்து எழுந்தால் எம்ஆர்ஐயில் அதன் தடிமன் சில சதவீதம் குறைந்து தெரியும். ஓய்வெடுத்தால் மெல்ல மெல்லப் பழைய நிலைக்கு வந்துவிடும். அசையாமல் வைத்தால் இந்த ஓட்டம் நின்று அது மெலிகிறது. நடக்கச் சொல்வது இதனால்தான்.

கால்சியம் குருத்தெலும்பை வளர்க்காது. எலும்பு மெலிவு வேறு நோய், மூட்டுத் தேய்மானம் வேறு நோய். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பு மெலிவுக்காக அதை எழுதியிருக்கலாம், எனவே டாக்டரைக் கேட்காமல் நிறுத்தவும் வேண்டாம். சூப்பில் இருக்கும் கொலாஜன் வயிற்றில் அமினோ அமிலங்களாக உடைந்துபோகும். அது நேராக முழங்காலுக்குப் போவதில்லை. பிடித்தால் குடிக்கட்டும், கொழுப்பை எடுத்துவிட்டு. மூட்டுக்கென்று விற்கும் குளுக்கோசமைன், காண்ட்ராய்டின் மாத்திரைகளை அமெரிக்காவில் 1,583 பேரிடம் சோதித்து 2006-ல் வெளியிட்டார்கள். மொத்தத்தில் மருந்தே இல்லாத வெற்று மாத்திரையைவிட வலியில் குறிப்பிடும்படியான பலன் இல்லை. அந்தப் பணத்தை நல்ல பிசியோதெரபிஸ்டுக்குக் கொடுப்பது மேல்.

மூட்டில் போடும் ஸ்டீராய்டு ஊசி சில வாரங்கள் வலியைத் தணிக்கும். அதையே 3 மாதத்துக்கு ஒருமுறை 2 ஆண்டு போட்டுப் பார்த்த ஆய்வில் குருத்தெலும்பு கூடுதலாகத் தேய்ந்தது. வலி உச்சத்தில் இருக்கும்போது ஒன்று என்றால் சரி, வழக்கமாக்கிக்கொள்ள வேண்டாம். நல்ல குருத்தெலும்பைக் கொஞ்சம் எடுத்து, ஆய்வகத்தில் செல்களைப் பெருக்கித் திரும்ப வைக்கும் சிகிச்சை ஒன்று உண்டு. சுவீடனில் செய்த முதல் சிகிச்சைகளின் முடிவு 1994-ல் வெளியானது. இளவயதில் அடிபட்டு ஓரிடத்தில் மட்டும் பள்ளம் விழுந்தவர்களுக்கானது அது, மூட்டு முழுவதும் தேய்ந்தவர்களுக்கு அல்ல.

உண்மையில் பலன் தருவது எடையும் தொடைத் தசையும். உடலில் 1 கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலில் விழும் பாரம் ஏறக்குறைய 4 கிலோ குறையும். 5 கிலோ குறைந்தால் அடிக்கு 20 கிலோ! நாளைக்கு எத்தனை அடி வைக்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள்.

தசைக்கு இப்படித் தொடங்கலாம். படுக்கையில் கால் நீட்டி, முழங்காலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து, அந்தத் துண்டைக் கீழே அழுத்தி 5 விநாடி பிடித்து விட வேண்டும். 10 முறை, காலையும் மாலையும். மூச்சை அடக்கக் கூடாது. ஒரு வாரம் கழித்து நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காரும் பயிற்சி, 5 முறையில் தொடங்கி. முடியாவிட்டால் நாற்காலியில் தலையணை போட்டு உயரத்தைக் கூட்டுங்கள். நடை சமதளத்தில் 10 நிமிடம், பிறகு மெல்லக் கூட்டலாம். பயிற்சியின்போது லேசாக வலித்தால் பரவாயில்லை. மறுநாளும் வலி கூடுதலாகவே இருந்தால் அளவைக் குறையுங்கள், நிறுத்த வேண்டாம்.

தரையில் சம்மணமிடுவதையும் குந்தி உட்காருவதையும் இப்போதைக்குத் தவிர்க்கட்டும். முழங்கால் நன்றாக மடங்கும்போதுதான் சிப்பிக்குப் பின்னால் அழுத்தம் பல மடங்காகிறது. மாடிப்படியில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில். கைத்தடியைப் பலர் வலிக்கிற காலின் பக்கமே பிடிக்கிறார்கள். அது தவறு, எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும்.

எக்ஸ்ரே பற்றி ஒன்று. குருத்தெலும்பு எக்ஸ்ரேயில் தெரியாது. இரண்டு எலும்புகளுக்கு நடுவே உள்ள இடைவெளி குறைந்திருப்பதை வைத்துத்தான் தேய்வைக் கணிக்கிறார்கள். படுக்கவைத்து எடுத்தால் இடைவெளி இருப்பதுபோல ஏமாற்றும். நிற்கவைத்து எடுத்ததா என்று பாருங்கள், இல்லாவிட்டால் அடுத்த முறை அப்படிக் கேட்டு எடுங்கள்.

மூட்டு திடீரென்று சிவந்து சூடாகி வீங்கினாலோ, கூடவே காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கால் மடக்கிய நிலையில் பூட்டிக்கொண்டு நீட்ட முடியாமல் போனால் மெனிஸ்கஸைப் பார்க்கச் சொல்லுங்கள். இத்தனைக்குப் பிறகும் இரவில் தூங்க விடாத வலி இருந்து, வீட்டு வாசல்வரை நடப்பதும் சிரமமாகிவிட்டால், மூட்டு மாற்று அறுவை சிகிச்சை பற்றி எலும்பு மருத்துவரிடம் தயங்காமல் பேசுங்கள்.