ராணுவத்தில் இருந்தவர் தெருவில் படுக்கும் நிலை எப்படி வருகிறது?

"அமெரிக்காவில் முன்னாள் ராணுவத்தினர் வீடில்லாமல் இருக்கிறார்களே, ஏன்? சிங்கப்பூரிலும் அப்படி உண்டா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

உண்டு. தொண்டூழியராக இரவில் சுற்றும்போது, ஓர் அடுக்குமாடிப் புளோக்கின் வெற்றுத்தளத்தில் (திறந்த தரைத்தளத்தில்) ஓர் அண்ணனைப் பார்த்தேன். விரித்த அட்டைப்பெட்டி, மூலைக்கு மூலை சரியாக மடித்த போர்வை, நுனி பிசகாமல் நேராக வைத்த காலணி. "கேம்ப்ல எத்தனை வருஷம்ணே?" என்றேன். "பதினெட்டு" என்றார்.

நம்மூரில் ஆண்கள் அநேகமாக எல்லாருமே சுமார் 2 வருடம் தேசிய சேவை செய்தவர்கள். அதனால் நிரந்தரப் பணியில் இருந்து வந்தவர் தனியாகக் கண்ணில் படுவதில்லை. அவருக்கு ராணுவம் வெறும் சம்பளம் இல்லை. படுக்க பங்க் (முகாமின் பொதுப் படுக்கையறை), வேளைக்குச் சாப்பாடு, கூட நிற்கப் பத்துப் பேர், எல்லாம் அதுதான். வெளியே வந்த அண்ணனுக்குக் கிடைத்தது செக்யூரிட்டி வேலை. விவாகரத்தில் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டை விற்றார்கள். தம்பி வீட்டில் கொஞ்ச நாள் இருந்தார். பாரமாகிவிடுவோமோ என்று அவரே கிளம்பிவிட்டார். கேட்டு வாங்கிப் பழக்கமில்லாத மனிதர்.

அமெரிக்காவில் இதோடு போரின் காயமும் சேர்கிறது: தூக்கத்தைக் கெடுக்கும் நினைவுகள், குடி, உடல் ஊனம். ஆனாலும் 2010இல் சுமார் 74,000 ஆக இருந்த வீடில்லாத முன்னாள் ராணுவத்தினர் எண்ணிக்கை 2024 ஜனவரிக் கணக்கெடுப்பில் 32,882 ஆகிவிட்டது. வாடகை உதவியையும் சமூகப் பணியாளரையும் சேர்த்தே தரும் ஹட்-வாஷ் திட்டத்துக்கு அதில் பெரிய பங்கு. "குடியை விட்டுட்டு வா, வீடு தர்றேன்" என்று சொல்லாமல் முதலில் சாவியைக் கொடுத்தார்கள். எனக்கு அதுதான் சரியென்று படுகிறது. பூட்டிக்கொள்ள ஒரு கதவு இல்லாதவன் எந்த மருந்தை எந்த நேரத்தில் சாப்பிடுவான்?

இங்கே 2022இல் ஓர் இரவு எண்ணியபோது தெருவில் படுத்தவர்கள் 530 பேர். தனியாளுக்கு வாடகை வீடு பெரும்பாலும் இன்னொருவரோடு பகிர்ந்துதான் கிடைக்கும். அண்ணன் அதற்குத்தான் தயங்கினார். "பங்க்ல பன்னெண்டு பேரோட படுத்தவன்தான் தம்பி. ஆனா அவங்க என் ஆளுங்க." அவரைச் சம்மதிக்க வைக்க எங்களுக்கு 4 மாதம் பிடித்தது. உங்களுக்கு இப்படி யாரையாவது தெரிந்தால் அரசின் சமூக உதவித் திட்டமான காம்கேரை 1800-222-0000இல் அழையுங்கள். ஆனால் முதலில் பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள்.

போன மாதம் அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் இரண்டு ஜோடிச் செருப்பு. இரண்டும் நுனி பிசகாமல் நேராக இருந்தன.