சோத்தாங்கைக்காரர் என்று எழுதலாமா?

குடியாத்தத்தில் தையல் பயிற்சி நடத்தும் வாசகி ஒருவர், கத்தரிக்கோல் பிடிக்கும் முறையை விளக்கும் கையேட்டில், வலது கையால் வேலை செய்வோரைச் 'சோத்தாங்கைக்காரர்' என்று குறிப்பிடலாமா எனக் கேட்டிருக்கிறார்.

சோறு உண்ணும் கை என்பதால் வலக்கைக்குச் சோற்றுக்கை என்று பெயர். பேச்சு வழக்கில் அது சோத்தாங்கை. வேலூர்ப் பக்கம் வழி கேட்பவரிடம் 'சோத்தாங்கைப் பக்கம் திரும்புங்க' என்றால் யாருக்கும் குழப்பம் நேராது. சொல்லில் இழிவும் இல்லை. இழிவு முழுவதையும் அதன் இணையான பீச்சாங்கையின் தலையில் அல்லவா ஏற்றி வைத்திருக்கிறோம்!

ஆயினும் அச்சொல் கையைக் குறிக்கிறதே தவிர, கைப்பழக்கத்தைக் குறிப்பதில்லை. இடது கையால் எழுதுகிற, துணி வெட்டுகிற பெண்ணையும் நம் வீடுகளில் பெரும்பாலும் வலது கையால் உண்ணவே பழக்கியிருப்பார்கள் என்பதால், அவளுக்கும் சோத்தாங்கை வலக்கைதான். 'சோத்தாங்கைக்காரர் இந்தக் கத்தரியை எடுக்கவும்' என்று அச்சிட்டால் அவளும் அதையே எடுப்பாள். வலக்கைக்கென்று செய்த கத்தரியை இடது கையில் பிடிக்கும்போது, விரல்களின் இயல்பான அழுத்தம் அலகுகளை ஒன்றோடொன்று நெருக்குவதற்கு மாறாக விலக்கிவிடும்; துணி வெட்டுப்படாமல் இடையில் மடங்கும், வெட்டுக்கோடும் அலகுக்குப் பின்னால் மறைந்துவிடும்.

ஆகவே கையேட்டில் 'வலது கைப் பழக்கம் உள்ளவர்' என்றே எழுதுங்கள். நீளமாக இருக்கிறதென்று 'வலங்கையர்' எனச் சுருக்கிவிட வேண்டாம். வலங்கை, இடங்கை என்பவை சோழர் காலக் கல்வெட்டுகளிலேயே காணப்படும் பிரிவுப் பெயர்கள். பிற்காலத்தில் சாதிக் கூட்டங்களின் பெயர்களாக நிலைத்த அவ்விரு தரப்பினரும் 18ஆம் நூற்றாண்டுச் சென்னையில் தெரு உரிமைக்காக மோதிக்கொண்டவர்கள். தையல் கையேட்டுக்கு அந்த வம்பு எதற்கு?

வகுப்பில் வாய்மொழியாகச் சொல்லும்போது, 'சோத்தாங்கையால துணியை அமுக்கிப் பிடிங்க' என்று தாராளமாகச் சொல்லலாம். அங்கே கையைத்தான் சுட்டுகிறீர்கள். பீச்சாங்கை என்பதை மட்டும் பேச்சிலும் தவிர்த்து, இடது கை என்றே சொல்லுங்கள்.

இருவகைக் கத்தரிகளும் கலந்துவிட்டால், நுனி எதிர்ப்புறம் நோக்கியிருக்கும்படி பிடித்து விரித்துப் பாருங்கள். வலக்கைக் கத்தரியை எப்படிப் புரட்டினாலும், மேலே இருக்கும் அலகு வலப்புறமே நிற்கும்.